கெட்டுப்போன பத்தொன்பது குழாய்கள்

ஏப்ரல் 8, செவ்வாய்

முப்பது குழாய்கள் முடிந்தன. காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள். ஷெட்டுக்குள் இருபது டிகிரி. இந்தக் குளிருக்காகத்தான் கொல்லிமலை வாழவந்தி நாட்டில் வந்து கிடக்கிறேன். கீழே என்றால் கலக்கும்போதே யூரித்தேன் ரப்பர் இறுகத் தொடங்கிவிடும்.

வேலை என்னவோ எளிது. இரண்டு திரவங்கள். தனித்தனியாக இருக்கும்வரை சாது. எடை பார்த்துக் கலந்தால் ஒரு மணி நேரத்தில் கெட்டிப்பட்டு, மறுநாள் ரப்பர். கலந்த உடனே வேக்குவத்தில் வைத்துக் காற்றை இழுத்துவிட்டு, குழாயில் அடைத்து, டிரை ஐஸும் ஆல்கஹாலும் நுரைக்கிற தொட்டியில் இறக்கினால் இறுகல் அப்படியே நின்றுவிடும். அப்புறம் மைனஸ் நாற்பது ஃப்ரீசர். வேண்டும்போது எடுத்து, மூடி திறக்காமல் முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்து ஊற்ற வேண்டியதுதான். எடை பார்க்கத் தெரியாதவர்களும் ஊற்றலாம். சாமை உமி நீக்கும் மில்காரப் பெண்கள், மெஷினில் தேய்ந்த ரப்பர் வளையத்தைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டாம். தாங்களே பூசிக்கொள்ளலாம்.

இதைச் சொல்லி மூன்று வங்கி மேலாளர்களிடம் அவமானப்பட்டாயிற்று. ஒருவர் கேட்டார், "ஐஸ்கிரீம் யூனிட்டா சார்?" அவர் பெயரை நான் மறக்கவில்லை.

அந்த உமி மெஷின் செய்யும் கோவைக் கம்பெனி இந்த முப்பதையும் சோதிக்கப் போகிறது. தேறினால் அவர்கள் விற்கும் ஒவ்வொரு மெஷினோடும் என் குழாய் போகும். தேறாவிட்டால் ஷெட்டைப் பூட்டிவிட்டு நாமக்கல்லில், என் மனைவி ருக்குமணி இருக்கும் மைத்துனர் வீட்டு மாடியில், நானும் போய் உட்கார வேண்டும். மைத்துனர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். அதுதான் தாங்காது.

மாதம்மாள் எண் எழுதி ஒட்டி, அடுக்கி வைத்தாள். அடித்தட்டு சின்னது; அது நிறைந்ததும் மேல்தட்டு. ஆறு மாதமாக வேலைக்கு வருகிறாள். கை சுத்தம். பேச்சு அதிகம்.

ஏப்ரல் 11, வெள்ளி

டிரை ஐஸுக்காக வாரம் இரண்டு நாள் நாமக்கல். செவ்வாயும் வெள்ளியும். திரும்புவதற்குள் பெட்டியில் பாதி ஆவியாகிவிடுகிறது. எழுபது வளைவிலும் பெட்டி என் முழங்காலில் இடிக்கிறது.

பெட்டி ஓரத்தில் புகை வருவதைப் பார்த்துப் பக்கத்து சீட்டுப் பெரியவர் கேட்டார், "ஏனுங்க, உள்ளுக்குள்ள என்னமோ வேகுதாட்ட இருக்குதுங்க?"

"வேகலீங்க. குளிர்ற சாமான்."

"குளிர எதுக்குங்க காசு குடுத்துக் கொல்லிமலைக்குக் கொண்டு போறீங்க?"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்தான். அடுத்த தடவை வேறு பஸ்.

மாலை ஆறு மணிக்கு ஃப்ரீசர் மைனஸ் முப்பத்துமூன்று காட்டியது. காலையில் நாற்பது இருந்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

மூன்று மணியிலிருந்து மேலே நல்ல இடி மழையாம். நான் சோளக்காடு ஸ்டாப்பில் இறங்கும்போது விட்டிருந்தது. ஃப்ரீசர் முப்பத்தொன்று.

"ஃப்ரீசரைத் தெறந்தியா?" என்று மாதம்மாளிடம் கேட்டேன்.

"தெறக்கலீங்க."

"பொய் சொல்லாதே."

"சாமி மேல சத்தியமுங்க, மூடியைத் தொடவே இல்ல."

நம்பவில்லை. யாரைத்தான் நம்பியிருக்கிறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்றும் முப்பத்திரண்டு. வெப்பநிலை மீட்டர் சரியில்லை. மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 29, செவ்வாய்

முப்பதையும் டிரை ஐஸில் புதைத்துக் கோவைக்கு அனுப்பியாயிற்று. திரும்பி வந்தபோது கம்பெனியிலிருந்து மின்னஞ்சல்: சரக்கை எதிர்பார்க்கிறோம், சோதனைப் பொறுப்பு — சசிகுமார்.

அதே சசிகுமாரா என்று போன் போட்டுக் கேட்டேன். ஓசூரில் ரப்பர் லேபில் இருந்தவரா? ஆமாங்க, அவரேதான்.

உலகத்தில் எத்தனை கெமிஸ்ட்டுகள்!

மே 3, சனி

சாப்பாடு இறங்கவில்லை. ஓசூர் நினைவாகவே இருக்கிறது. ஒரே லேபில் எட்டு வருஷம். எனக்கு எட்டு வருஷம் பின்னால் சேர்ந்தவன். 2013இல் ஒரு லாட் ரோலர் குமிழி விட்டுத் திரும்பி வந்தபோது விசாரணை வைத்தார்கள். அவன் எழுந்து நின்று, "அன்னிக்கு சார் வேக்குவம் போடலீங்க" என்றான். அவ்வளவுதான், பதினாறு வருஷ வேலை போயிற்று.

போடவில்லைதான். மேனேஜர் நெருக்கினான், லாரி நின்றுகொண்டிருந்தது, போடவில்லை. அவன் சொன்னது பொய் இல்லை. ஆனால் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கேட்டவர்கள் என்னைத்தானே கேட்டார்கள்?

மே 7, புதன்

அறிக்கை வந்தது.

முப்பதில் பத்தொன்பது தோல்வி. முக்கால் மணி நேரம் உருகிய பிறகும் கெட்டியாக இருந்தன. தள்ளுகோல் நகரவில்லை. பிதுக்கி ஊற்றியவை இரும்பைப் பிடிக்காமல் உரிந்து வந்தன. குமிழி இல்லை. "சேமிப்பு வெப்பநிலைப் பதிவேட்டை அனுப்பி வைக்கவும்." கீழே அவன் கையெழுத்து. அதே எழுத்து, வலப்பக்கம் சாய்ந்து.

பதிவேடு கேட்கிறானாம்! பன்னிரண்டு வருஷம் கழித்து மறுபடியும் என்னையே விசாரிக்கிறான்.

மே 8, வியாழன்

கம்பெனி டைரக்டர் அண்ணாமலைக்கு நேரடியாக எழுதினேன். என் குழாய்கள் மைனஸ் நாற்பதில் இருந்தவை. காலையில் வெளியே எடுத்து வைத்துவிட்டு மத்தியானம் சோதித்தால் எந்த யூரித்தேனும் கெட்டியாகத்தான் இருக்கும். சோதித்தவருக்கு என் மேல் பழைய விரோதம் உண்டு என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

பதிவேட்டை இணைக்கவில்லை. மாலை நேர எண்களை அவன் பிடித்துத் தொங்குவான். மீட்டர் கோளாறுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

எழுதி முடித்ததும் பசித்தது. வெகுநாள் கழித்து.

மே 12, திங்கள்

அண்ணாமலை போன் செய்தார்.

"சென்னியப்பனுங்களா? உங்க லெட்டர் பாத்தேனுங்க. சசிகுமாரக் கூப்புட்டுக் கேட்டேன். அன்னிக்கு நடுவுல ஒரு மீட்டிங்குக்குப் போயிருக்காரு. குழாய் எத்தன நேரம் வெளிய இருந்துச்சுன்னு எழுதி வெக்கலீங்க. அவர டெஸ்டிங்ல இருந்து எடுத்து ஸ்பேர் பார்ட்ஸ் குடோன்ல போட்டுட்டேன். நீங்க இன்னொரு அஞ்சு குழாய் குடுங்க. உங்க மலையிலயே ஒரு மில்லுல ஊத்திப் பாத்துரலாம்."

சரீங்க என்றேன்.

குடோன். நட்டு, போல்ட்டு, பெல்ட். அங்கே மின்விசிறிகூட இருக்காது.

மே 13, செவ்வாய்

நாமக்கல் போகாமல் புதிதாக ஐந்து குழாய்கள் போட்டோம். ருக்குமணிக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த சசிகுமாருங்களா? அவரு அம்மா தவறுனதுக்குக்கூட நீங்க எட்டிப் பாக்கலியே" என்றாள். வைத்துவிட்டேன்.

மே 16, வெள்ளி

நேற்று ஐந்தையும் அனுப்பியாகிவிட்டது. இன்று பழைய அறிக்கையைக் கோப்பில் வைக்க எடுத்தேன். பின்பக்கத்தில் குழாய் எண்கள் அச்சாகியிருந்தன. இதுவரை அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

தேறியவை: ஒன்று முதல் பதினொன்று வரை. தேறாதவை: பன்னிரண்டு முதல் முப்பது வரை.

தாளோடு ஃப்ரீசருக்கு முன்னால் போய் நின்றேன்.

வெளியே வைத்து மறந்திருந்தால் நல்லதும் கெட்டதும் கலந்து வந்திருக்கும். இப்படிக் கத்தியால் அறுத்ததுபோல் வராது. முதல் பதினொன்று அடித்தட்டில் இருந்தவை. குளிர் கீழேதான் தங்கும். மேல்தட்டு மட்டும் சூடாகியிருக்கிறது. இங்கே. என் ஃப்ரீசரில். ஒருமுறை அல்ல, பலமுறை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியிருக்கிறது.

மாதம்மாளைக் கூப்பிட்டேன்.

"நான் கீழ போற நாள்ல ஃப்ரீசரை என்ன பண்ணுவே?"

"ஒண்ணும் பண்ண மாட்டேனுங்க. இடி இடிச்சா பிளக்கப் புடுங்குவேன். மழ உட்டதும் சொருகிருவேன்."

"எத்தனை நேரம்?"

"இடி நிக்கிற மட்டுமுங்க. மூணு மணி நேரம், நாலு மணி நேரம் ஆவும் சிலநா."

"யாரு உன்னைப் புடுங்கச் சொன்னது?" கத்திவிட்டேன்.

"நீங்கதானுங்க." அவள் பயப்படவில்லை, ஆச்சரியப்பட்டாள். "நான் வந்த புதுசுல தராசு இடியில போச்சுல்லீங்க? இடிச்சா எல்லாத்தையும் புடுங்கணும்னு அறிவில்லையா, படிப்புதான் இல்ல, காதுமா இல்லன்னு ஏசுனீங்க. எங்கூட்லயும் டிவி, கிரைண்டரு அத்தனையும் புடுங்கிப் போட்டுட்டுத்தான் உக்காருவோம். இந்த மலையில எல்லா ஊட்லயும் அப்படித்தானுங்க."

"ஃப்ரீசரைப் புடுங்கக் கூடாதுன்னு தெரியாதா?"

"சொல்லலீங்களே."

சொல்லவில்லை. எல்லாவற்றையும் என்றுதான் சொன்னேன்.

மே 17, சனி

யாரிடமும் சொல்லாதே என்று மாதம்மாளிடம் சொன்னேன். "என்கிட்ட வந்து யாருங்க கேக்கப் போறா?" என்றாள். அதுவும் சரிதான். அவளும் நானும் தவிர யாருக்கும் தெரியாது.

நான் எழுதியபோது உண்மையென்று நம்பித்தானே எழுதினேன்? — குமிழி இல்லை என்று அவன் நேர்மையாக எழுதியதைப் படித்தேன், பதிவேட்டில் முப்பத்தொன்று முப்பத்துமூன்று என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். நம்பினேனா, நம்ப விரும்பினேனா?

இருக்கட்டும். அவன் என்னை வீட்டுக்கு அனுப்பினான். நான் அவனைக் குடோனுக்குத்தான் அனுப்பியிருக்கிறேன். சம்பளம் வரும்.

புதிய ஐந்தும் நல்ல குழாய்கள். நான் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டவை. அவை தேறட்டும். அதோடு இது முடியட்டும்.

மே 20, செவ்வாய்

முடியவில்லை. கம்பெனி மில்களுக்குக் கொடுக்கும் செய்முறைத் தாளைத் திருத்தி, எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார்கள். "குழாயை வெளியே அதிக நேரம் வைக்கக் கூடாது. உருக வைக்கும் நேரம்: பதினைந்து நிமிடம்."

என் கடிதத்திலிருந்து பிறந்த பதினைந்து நிமிடம்! வெளியே அதிக நேரம் இருந்ததால் கெட்டது என்றேன் அல்லவா, நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். அவர்கள் பார்வையில் நியாயம்தான். ஆனால் பதினைந்து நிமிடத்தில் உள்ளே இன்னும் பனியாகத்தான் இருக்கும். திறந்தால் காற்றிலிருக்கும் ஈரம் அத்தனையும் அதன் மேல் இறங்கும். யூரித்தேனில் தண்ணீர் பட்டால் நுரைக்கும். அதுவும் இந்த மலையில், மே மாத மழையில்!

ஒரு போன் போட்டு நாற்பத்தைந்தே இருக்கட்டும் என்று சொல்லலாம். ஏன் என்று அண்ணாமலை கேட்பார். அப்படியானால் அந்தப் பத்தொன்பது எப்படிக் கெட்டது என்பார்.

போடவில்லை.

மே 24, சனி

சோளக்காட்டு மில் நடத்தும் கலைச்செல்வி காலையிலேயே வந்துவிட்டாள். ஸ்கூட்டியை நிறுத்தக்கூட இல்லை, ஷெட் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். கையில் பிய்ந்த ரப்பர். கம்பெனி அந்தப் புதிய ஐந்தையும் அவள் மில்லுக்குத்தான் கொடுத்திருந்தது.

"ஏனுங்க சார், இது நீங்க செஞ்சதுதானுங்களா?"

வாங்கிப் பார்த்தேன். தேனடை மாதிரி இருந்தது.

"கடியாரத்தப் பாத்துப் பதினஞ்சு நிமிசமுங்க. குழாய் மேல முத்து முத்தா வேர்வை. என்னடா இதுன்னு தொடச்சிட்டுத்தான் தெறந்தேன். காஞ்சதும் பாத்தா ஓட்ட ஓட்டையா இருக்குது. சரி, கம்பெனிக்காரங்க படிச்சவங்க, இப்படித்தான் இருக்குமாட்டன்னு மெசினப் போட்டேன். அரை மூட்டை ஓடல, பிச்சுக்கிட்டுப் போச்சு. மாராயியக்கா ஊட்டுக் காதுகுத்துக்கு வெச்ச சாமையுங்க. அத்தனையும் ரப்பர் துணுக்கு. நான் ஒரு பொம்பள சொளவுல வெச்சுப் பொடைச்சுட்டு உக்காந்திருக்கேன், போகுமா அது? நீங்க வந்து பொறுக்குங்க."

"பதினஞ்சு நிமிஷம் என் கணக்கு இல்லைங்க" என்றேன்.

"அப்புறம் யாரு கணக்கு?" தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "கீழ யாரு பேருங்க இது?"

'உற்பத்தியாளர் திரு. சென்னியப்பன் தெரிவித்ததன் அடிப்படையில்' என்று சின்ன எழுத்தில் இருந்தது. என் பிரதியிலும் இருந்திருக்கும். அதுவரைக்கும் நான் படிக்கவில்லை.

"இந்தத் துணுக்கு சோத்துல போயி ஒரு கொழந்த தொண்டையில மாட்டியிருந்தா, அப்பவும் என் கணக்கு இல்லைம்பீங்களா?"

மாதம்மாள் என் பக்கம் பார்க்காமல் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மே 25, ஞாயிறு

எழுதிவிட்டேன். நாலு வரி எழுத அரைநாள் ஆயிற்று. முதலில் எழுதியதெல்லாம் இடி, மின்சாரம், வேலைக்காரி என்று ஆரம்பித்தன. கிழித்தேன்.

"குழாய்கள் கெட்டது என் ஃப்ரீசரில். நான் கொடுத்த உத்தரவின்படி அது பல நாள் மதியம் அணைக்கப்பட்டிருந்தது. இது மே 16 அன்றே எனக்குத் தெரியும். திரு. சசிகுமாரின் சோதனையில் தவறில்லை; பதினைந்து நிமிடம் என்ற திருத்தம் ஆபத்தானது, உடனே நிறுத்தவும்."

பதிவேட்டையும் இணைத்தேன். எந்தெந்த நாள் அணைத்தாள் என்று மாதம்மாளைக் கேட்டதற்கு, சந்தைக்கு மறுநாள், ஆடு குட்டி போட்ட அன்னிக்கு, கரண்டு பில்லுக்காரன் வந்த அன்னிக்கு என்று ஆறு நாளையும் விரல் விட்டுச் சொல்லிவிட்டாள். என் பதிவேட்டின் ஆறு மாலைகளோடு அப்படியே பொருந்துகிறது. மீட்டருக்கு ஒரு கோளாறும் இல்லை.

"என்ற பேரும் போட்டீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"புடுங்குனது நாந்தானுங்களே" என்றாள், ஏதோ அவளுக்குச் சேர வேண்டியதை நான் வைத்துக்கொண்டதுபோல.

அண்ணாமலைக்கும் அனுப்பினேன், சசிகுமாருக்கும் அனுப்பினேன். கலைச்செல்விக்குப் போனில் சொன்னேன். கேட்டுவிட்டு, "இத நேத்து நான் வந்தப்பவே சொல்றதுக்கென்ன?" என்றாள்.

மே 30, வெள்ளி

பதில் இல்லை.

ஜூன் 2, திங்கள்

வந்தது.

"ஒரு ஆள மூணு வாரம் குடோன்ல போல்ட்டு எண்ண வெச்சிருக்கேனுங்க, உங்க பேச்சக் கேட்டு." அண்ணாமலை கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "பழைய விரோதம்னு எழுதியிருந்தீங்க. யாருக்கு யாரு மேலன்னு நான் கேக்காம விட்டது என்ற தப்பு. இனி உங்க விசயத்துல நான் முடிவெடுக்கறதில்லீங்க. அவரு எடுக்கட்டும். வேண்டாம்னாருன்னா வேண்டாம்."

ஜூன் 4, புதன்

வேண்டாம் என்றுதான் சொல்வான். நான் அவனாக இருந்தால் அப்படித்தான் சொல்வேன், சிரித்துக்கொண்டே சொல்வேன். ருக்குமணியிடம் மாடியில் ஒரு மேசைக்கு இடமிருக்குமா என்று கேட்டேன். "வாங்க, பாத்துக்கலாம்" என்றாள். மைத்துனரிடம் சொல்லிவிட்டாளாம். அவர் ஒன்றும் சொல்லவில்லையாம்.

ஜூன் 7, சனி

சசிகுமார் சொல்லாமல் கொள்ளாமல் வந்தான். காலைப் பஸ்ஸில், தோளில் ஒரு கருவிப் பெட்டியோடு. தலை முழுக்க நரைத்துவிட்டது. வா என்றேன். தண்ணீர் கொடுத்தேன், பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துக் குடித்தான்.

ஃப்ரீசரின் மேல்தட்டிலும் அடித்தட்டிலும் வெப்பமானி வயர்களை இறக்கினான். மாதம்மாளைப் பார்த்து, "எப்புடிப் புடுங்குவீங்கம்மா, அதே மாதிரி புடுங்குங்க" என்றான். அவள் என்னைப் பார்த்தாள். தலையசைத்தேன். புடுங்கினாள். நான்கு மணி நேரம் முக்காலியில் உட்கார்ந்து பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுதினான். நான் ஒருவன் அங்கே இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மாதம்மாளிடம் மட்டும் பேசினான், ஆடு, மிளகுக்கொடி, மரவள்ளி விலை. மதியம் அவள் கொண்டுவந்திருந்த சாமைச்சோற்றில் பாதியை வாங்கிச் சாப்பிட்டான். நான் என் டப்பாவைத் தனியாகத் திறந்து சாப்பிட்டேன்.

மேல்தட்டு மைனஸ் பதினேழு. அடித்தட்டு முப்பத்தைந்து.

கிளம்பும்போது, "சசி, ஓசூர்ல..." என்று ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, அதையெல்லாம் எடுக்காதீங்க." பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசும் குரல். "மேல்தட்டுல ஒண்ணும் வெக்காதீங்க. ஃப்ரீசருக்குத் தனியா இன்வெர்ட்டர் போடுங்க. இடிதாங்கி போட்டு எர்த் சரி பண்ணுங்க. பழைய பதிவேட்ட விட்டுட்டு இந்தத் தாள்ல எழுதுங்க. பதினாறாந்தேதிக்குள்ள இருபத்துநாலு குழாய் எனக்கு வரணும்."

"அப்போ வேண்டாம்னு சொல்லலையா?"

"சரக்கு நல்லாத்தான் இருக்குது. ஆளுதான் சரியில்ல." பெட்டியைத் தோளில் மாட்டினான். "நாங்க சரக்கத்தான் வாங்கறோம்."

மாதம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் கொடுத்த தாளில் தேதி, நேரம், வெப்பநிலை, ஏறியிருந்தால் காரணம் என்று கட்டங்கள். கடைசிக் கட்டம்: யார்.

ஜூன் 13, வெள்ளி

அடித்தட்டு கொள்ளும் அளவுக்கு மூன்று தவணையாகப் போட்டு அனுப்பியதில், இருபத்துநாலும் இன்றோடு போயின. இன்வெர்ட்டர் வந்துவிட்டது. இடிதாங்கிக்காரன் நாளை என்கிறான். நாளை என்றால் வர மாட்டான்.

ஜூன் 24, செவ்வாய்

இருபத்துநாலும் தேறின. முதல் ஆர்டரும் கூடவே வந்தது. அறிக்கையில் பாராட்டு ஒரு வார்த்தை இல்லை. தாள் மறுபடி நாற்பத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. கலைச்செல்வி நல்ல வளையம் போட்டுக்கொண்டாள். என்னைக் கண்டால் இன்னும் வண்டியை நிறுத்துவதில்லை.

இன்று நாமக்கல் போய்த் திரும்ப ஆறு மணி. ஃப்ரீசர் முப்பத்தேழு. மாதம்மாளைக் கூப்பிடப் போனேன். அப்புறம்தான் பார்த்தேன், மூடி ஒரு விரல் அளவுக்குத் தூக்கியிருந்தது. காலையில் ஃப்ரீசரில் குளிர வைத்திருந்த டிரை ஐஸ் பெட்டியை அவசரமாக எடுத்தபோது கையுறையை உள்ளேயே விட்டிருக்கிறேன். அது விளிம்பில் சிக்கியிருந்தது.

தாளை எடுத்து எழுதினேன். மாலை 6.10. மைனஸ் 37. காரணம்: மூடி சரியாக மூடப்படவில்லை. யார்: சென்னியப்பன்.